இன்டர்வெல்லில் பாத்ரூம் போகாத பையன்: பெரிய வகுப்புப் பிள்ளைகளைத் துணைக்கு வைத்துப் பார்த்தவர்கள் உண்டா?

கணக்கு டீச்சர் எழுதியது:

வணக்கம். மதுரைப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். ஆறு முதல் பத்து வரை, மொத்தம் 340 பிள்ளைகள்.

ஆறாம் வகுப்பில் ஒரு பையன். அங்கே எனக்கு மூன்றாவது பீரியட், அதாவது இன்டர்வெல் முடிந்த உடனே. தினமும் நான் போர்டில் தேதி எழுதி முடிப்பதற்குள் "மிஸ், ஒன்னுக்கு" என்று விரலைத் தூக்குவான். "இப்பத்தானே இன்டர்வெல் விட்டாங்க, அப்ப என்ன பண்ணிக்கிட்டிருந்த?" என்று இரண்டு வாரம் திட்டியிருக்கிறேன். இப்போது நினைத்தால் கூசுகிறது. ஒருநாள் சாயங்காலம் அவன் தண்ணீர் பாட்டில் காலையில் கொண்டுவந்த மாதிரியே நிரம்பியிருந்தது. கேட்டேன், பதில் இல்லை. பக்கத்து வரிசைப் பெண்தான் சொன்னாள். எட்டாம் வகுப்புப் பையன்கள் நாலு பேர் பாத்ரூம் வாசலில் நிற்பார்களாம். இவனுக்குத் திக்குவாய். "பேரைச் சொல்லிட்டு உள்ள போ" என்பார்களாம். அவனுக்குத் தன் பெயரின் முதல் எழுத்திலேயே நாக்கு நின்றுவிடும்.

நாலு பேரையும் நிறுத்தி விசாரித்தோம். ஹெச்.எம். அவர்கள் வீட்டிலிருந்து ஆள் வரவழைத்தார். ஒரு வாரம் அமைதி. அப்புறம் வாசலில் யாரும் நிற்பதில்லை. ஆனால் அவன் வராந்தாவில் நடந்தால் எங்கிருந்தோ ஒரு குரல் அவன் மாதிரியே திக்கிக் காட்டுகிறது. யாரென்று பிடிக்க முடியவில்லை.

ஒன்பதாம் வகுப்பில் சிலரைத் தேர்ந்தெடுத்து, சின்னவர்களுக்குத் துணையாகவும் சண்டை வந்தால் சமாதானம் செய்யவும் வைக்கலாம் என்று தோன்றுகிறது. ஹெச்.எம். சரி என்றார். ஆனால் அவர் மனதில் இருப்பது பேட்ஜ், தொப்பி, 'மாணவர் காவல் படை'. பி.இ.டி. சார் விசிலே வாங்கி வைத்துவிட்டார். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். யாரைத் தேர்ந்தெடுப்பது, என்ன சொல்லிக் கொடுப்பது, அவர்கள் வேலை எங்கே முடிய வேண்டும்?

முருங்கைக்காய் எழுதியது:

நான் படித்தபோது ஆறாவதிலிருந்து பத்தாவது வரை என் பெயர் சோடாபுட்டி. வாத்தியாரே அப்படித்தான் கூப்பிடுவார். செத்தா போய்விட்டேன்? இதற்கெல்லாம் கமிட்டி போட்டால் பிள்ளைகள் நாளைக்கு உலகத்தை எப்படித் தாங்குவார்கள்?

கணக்கு டீச்சர் எழுதியது:

பட்டப்பெயரோடு நின்றிருந்தால் நானும் இங்கே வந்திருக்க மாட்டேன் சார். பதினோரு வயதுப் பையன், ஒன்றுக்குப் போகப் பயந்து நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறான்.

தாமிரபரணிக்காரன் எழுதியது:

டீச்சர், முதல் வேலையாக அந்த விசிலை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டுங்கள்.

நான் அறிவியல் ஆசிரியர், திருநெல்வேலி மாவட்டம். ஐந்து வருடமாக எங்கள் பள்ளியில் இதை நடத்துகிறேன். முதல் வருடம் படுதோல்வி. அதைச் சொன்னால்தான் உங்களுக்கு உபயோகம்.

அந்த வருடம் பதினெட்டு பேரை எடுத்தேன். எல்லாரும் முதல் பெஞ்சு, முதல் ராங்க், லீடர், மானிட்டர். பேட்ஜும் குத்திவிட்டேன். ஒரே மாதத்தில் அவர்கள் கையில் ஒரு நோட்டு முளைத்துவிட்டது. யார் யாரைக் கேலி செய்தார்கள் என்று பெயர் எழுதுகிற நோட்டு. நான் எழுதச் சொல்லவே இல்லை. ஆனால் போர்டில் 'பேசியவர்கள்' என்று கோடு போட்டுப் பெயர் எழுதிப் பழகிய கை அல்லவா? தீபாவளி சமயத்தில் ஒரு விஷயம் தெரிய வந்தது: அதில் ஒருவன், நோட்டில் பெயரை அடித்துவிட ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் தேன்மிட்டாய் வசூல் செய்துகொண்டிருந்தான். மிரட்டுகிறவனைத் தடுக்கப் போய், என் கையாலேயே பேட்ஜ் குத்தி இன்னொருவனை உண்டாக்கியிருந்தேன்.

அடுத்த வருடம் நான் தேர்ந்தெடுப்பதையே நிறுத்திவிட்டேன். ஆறாம், ஏழாம் வகுப்பில் துண்டுச் சீட்டு கொடுத்து ஒரே கேள்வி கேட்டேன்: 'உனக்கு ஒரு கஷ்டம் என்றால் பெரிய வகுப்பில் யாரிடம் போய்ச் சொல்வாய்?' எழுதுகிறவர் பெயர் வேண்டாம். வந்த பெயர்களில் பாதி, எங்கள் ஸ்டாஃப் ரூமில் யாருக்கும் ஆகாத பெயர்கள். அதிகச் சீட்டு வாங்கியவன் காலாண்டில் மூன்று பாடத்தில் ஃபெயில். ஆனால் டவுன் பஸ்ஸில் இடம் கிடைத்து உட்கார்ந்தால், நிற்கிற சின்னப் பிள்ளைகளின் பையை எல்லாம் வாங்கித் தன் மடியில் அடுக்கிக்கொள்வான். எங்களுக்கு அது தெரியாது, பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கிறது. அவனை எடுக்கக் கூடாது என்று இரண்டு பேர் என்னோடு சண்டைக்கே வந்தார்கள். எடுத்தேன். இன்றுவரை அவன் மாதிரி ஆள் எனக்கு அமையவில்லை.

இன்னொன்றில் பிடிவாதமாக இருங்கள். தெருப் பார்த்துக் கலக்க வேண்டும். எங்கள் பக்கம் கையில் கட்டியிருக்கும் கயிற்றின் கலரைப் பார்த்தே இன்ன சாதி என்று சொல்லிவிடுவார்கள். கேட்க உட்கார்ந்திருக்கும் இரண்டு பேரும் ஒரே கயிறு என்றால் எதிரே நிற்கும் பிள்ளை வாயைத் திறக்காது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததை மறக்க முடியுமா? கூடப் படித்தவர்களின் தொல்லையைப் பற்றி ஒரு பையன் பள்ளியில் சொன்னான். ராத்திரி அரிவாளோடு வீட்டுக்குள் புகுந்தார்கள், தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதற்கப்புறம் அரசு அமைத்த நீதிபதி சந்துரு ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிறு, மோதிரம், நெற்றியில் சாதியைக் காட்டும் பொட்டு எல்லாவற்றுக்கும் தடை வேண்டும் என்றது. 500 பேருக்கு மேல் படிக்கும் பள்ளிகளில் ஒரு பள்ளி நல அலுவலர் வேண்டும் என்றது. நீங்கள் 340. அந்தக் கணக்கிலும் வர மாட்டீர்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.

நாங்குநேரியிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான்: சொன்னது யார் என்பது வெளியே வரவே கூடாது. உங்களிடம் சொன்னாளே அந்தப் பக்கத்து வரிசைப் பெண், விசாரணையில் அவள் பெயரை யாராவது உச்சரித்தீர்களா? உச்சரித்திருந்தால் முதலில் அவளைக் கவனியுங்கள். நீங்கள் நினைக்கும் துணைகளுக்கும் 'போட்டுக்கொடுக்கிறவன்' என்ற பெயர் ஒருமுறை விழுந்துவிட்டால் அவ்வளவுதான். அந்த வருடம் முழுக்க ஒரு பிள்ளையும் பக்கத்தில் வராது.

இனி, என்ன சொல்லிக் கொடுப்பது. சண்டை வேறு, தொந்தரவு வேறு. இதைப் புரியவைக்கவே எனக்கு இரண்டு சனிக்கிழமை ஆயிற்று. ஒரே வகுப்பு, ஏறக்குறைய சம பலம், ஸ்கேலை உடைத்துவிட்டான், கபடியில் அவுட் இல்லை என்று சாதித்தான், காய் விட்டுவிட்டாள். இதெல்லாம் சண்டை. இதற்குப் பழம் விட வைக்கப் பெரிய பிள்ளைகளால் முடியும். நம்மைவிட நன்றாகவே முடியும். எங்கள் பள்ளியில் சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் ஒரு வேப்பமரம், அதைச் சுற்றி சிமென்ட் திண்ணை. துணை இரண்டு பேர் உட்காருவார்கள். ஒருவன் சொல்ல வேண்டும், மற்றவன் நடுவில் பேசக் கூடாது. முடிந்ததும் மற்றவனிடம் ஒரு கேள்வி: "இப்ப அவன் என்ன சொன்னான்? நீ சொல்லு." இதுதான் சூட்சுமமே. முதல் தடவை சரியாகச் சொல்லவே மாட்டான். "அவன் பொய் சொன்னான் அண்ணா" என்பான். "பொய்யோ நிஜமோ, என்ன சொன்னான்?" என்று திரும்பக் கேட்க வேண்டும். எதிராளி சொன்னதைத் தன் வாயால் ஒப்புவிக்கும்போதே பாதிச் சூடு இறங்கிவிடும். அப்புறம் "இனி என்ன செய்யலாம்?" என்று அவர்களையே கேட்க வேண்டும். நாட்டாமை வேலை பார்க்கக் கூடாது. 'நீ அவனுக்குப் புது ஸ்கேல் வாங்கிக் கொடு' என்று துணை வாயிலிருந்து வரவே கூடாது.

ஆனால் உங்கள் பையன் விஷயம் சண்டை இல்லை. நாலு பேர், வயதில் மூத்தவர்கள், எதிரே ஒருவன். அங்கே திண்ணையில் உட்காரவைத்து "ரெண்டு பேரும் கை குடுங்க" என்றால், 'உன் மேலும் பாதித் தப்பு' என்று அந்தப் பையனிடம் நாம் சொன்னதாகிவிடும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்த நாலு பேரைப் பார்த்துக்கொள்வது நம் வேலை, பிள்ளைகள் வேலை இல்லை. அதிலும் தனித்தனியாகக் கூப்பிடுங்கள், சேர்த்து நிறுத்தாதீர்கள். சேர்ந்து நின்றால் ஒருவருக்கொருவர் வீரம் காட்டுவார்கள். தனியே வந்தால் அவனவன் பயம் அவனவனுக்கு.

பெரிய பிள்ளைகள் செய்ய வேண்டியது மிகச் சின்னது. இன்டர்வெல் மணி அடித்ததும் ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் இரண்டு பேர் அதே நேரத்தில் பாத்ரூம் போகட்டும். அவனோடு நாலு வார்த்தை பேசிக்கொண்டே. பேர் கேட்கிறவன் யாராவது நின்றால், "வாடா தம்பி" என்று இவனைத் தோளில் கைபோட்டு உள்ளே கூட்டிப் போகட்டும். எதிர்த்து முறைக்க வேண்டாம். பின்லாந்தில் தூர்க்கூ பல்கலைக்கழகம் உருவாக்கிய 'கீவா' என்ற திட்டத்திலும் இந்த வகையில் ஒன்று உண்டு. பிரச்சினையை ஆசிரியர்கள் விசாரிப்பார்கள். கூடவே அதே வகுப்பில் நல்ல மனசுள்ள இரண்டு முதல் நாலு பேரைத் தனியே கூப்பிட்டு, 'அவனுக்கு ஆதரவாக என்ன செய்யலாம்?' என்று கேட்பார்கள். நான் இதைப் படித்தபோது எங்கள் மூன்று பாடம் ஃபெயில் பையனைத்தான் நினைத்துக்கொண்டேன்.

பார்த்துக்கொண்டு நிற்பவர்கள் முக்கியம் என்பதற்கு இன்னொரு கணக்கு. நீங்கள் கணக்கு டீச்சர், பிடிக்கும். கனடாவில் ஹாக்கின்ஸ், பெப்ளர், கிரெய்க் மூவரும் பள்ளி விளையாட்டு மைதானங்களில் கேமராவும் மைக்கும் வைத்துப் பார்த்து 2001-இல் வெளியிட்டார்கள். தொந்தரவு நடந்தபோது 88 சதவீதம் சமயங்களில் வேறு பிள்ளைகள் பக்கத்தில் இருந்திருக்கிறார்கள். குறுக்கிட்டது 19 சதவீதத்தில் மட்டும். ஆனால் அப்படிக் குறுக்கிட்டதில் பாதிக்கு மேல் பத்தே விநாடியில் தொந்தரவு நின்றுவிட்டது. இதைப் படித்துவிட்டு ரொம்பவும் துள்ள வேண்டாம். 2011-இல் தோஃபி, ஃபாரிங்டன் இருவரும் பல நாட்டுத் திட்டங்களைச் சேர்த்துப் பார்த்தபோது, சக மாணவர்களைக் கொண்டு செய்த வேலை இருந்த திட்டங்களில் தொந்தரவுக்கு ஆளானவர்கள் எண்ணிக்கை கூடியிருந்தது. ஏன் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. என் தேன்மிட்டாய் நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

எங்கே முடிய வேண்டும் என்று கேட்டீர்கள். உடம்பில் கை வைத்தது, பிளேடு, போனில் எடுத்த படம், சாதிப் பெயர், 'செத்துடலாம்னு இருக்கு' என்ற பேச்சு. இதில் எது காதில் விழுந்தாலும் அந்த மணியிலேயே என்னிடம் வர வேண்டும், நான் கிளாஸில் இருந்தாலும் சரி. பாலியல் விஷயம் என்றால் போக்சோ சட்டப்படி புகார் கொடுத்தே ஆக வேண்டிய பொறுப்பு நமக்கு இருக்கிறது. ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசி முடிக்கிற சமாச்சாரம் இல்லை. குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417 இரண்டையும் எழுதி ஒட்டுங்கள், ஆனால் ஹெச்.எம். ரூம் வாசலில் ஒட்டாதீர்கள். அங்கே நின்று எந்தப் பிள்ளை நம்பர் குறித்துக்கொள்ளும்? பிள்ளைகள் புகார் எழுதிப் போடும் 'மாணவர் மனசு' பெட்டியையும் அதே ரூம் வாசலில் வைத்திருந்தால் நகர்த்திவிடுங்கள்.

பழைய ஒன்பதாம் பி எழுதியது:

நான் வேறு பள்ளி, ஆனால் இதே மாதிரி 'துணை அக்கா'வாக ஒரு வருடம் இருந்தேன். இப்போது நர்சிங் இரண்டாம் வருடம். சார் எழுதியது எல்லாம் சரிதான். ஒன்றை விட்டுவிட்டார். எங்களுக்கு யார் துணை?

ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, தோழிகள் சேர்த்துக்கொள்வதில்லை என்றுதான் என்னிடம் வந்தாள். மூன்றாம் நாள், "அக்கா, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க" என்றாள். பண்ணிவிட்டேன். அப்பா குடித்துவிட்டு அம்மாவை அடிப்பது, இவள் நடுவில் போனால் இவளுக்கும் விழுவது, அதனால்தான் முழுக்கைச் சட்டை, அந்தச் சட்டையை வைத்துத்தான் கிளாஸில் கிண்டல். எல்லாம் சொன்னாள். எனக்குப் பதினாலு வயது. ஒன்பது நாள் அதை வைத்துக்கொண்டிருந்தேன். ராத்திரி தூக்கம் வராமல் அம்மா பக்கத்தில் போய்ப் படுத்துக்கொள்வேன். அம்மா காய்ச்சலா என்று தொட்டுப் பார்ப்பார். பத்தாம் நாள் தமிழ் மிஸ்ஸிடம் அழுதுகொண்டே கொட்டிவிட்டேன். அவர் செய்ய வேண்டியதைச் செய்தார். அந்தப் பெண் என்னோடு இரண்டு மாதம் பேசவில்லை.

அதற்கப்புறம் மிஸ் எங்களுக்கு ஒரு வாக்கியம் சொல்லிக் கொடுத்தார். யார் என்ன சொல்ல வந்தாலும் முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும்: "ஊரெல்லாம் சொல்ல மாட்டேன். ஆனா உனக்கு ஆபத்துன்னா ஒரே ஒரு பெரியவங்ககிட்ட சொல்லுவேன், உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்." சிலர் இதைக் கேட்டதும் எழுந்து போய்விடுவார்கள். ஆனால் மறுநாள் திரும்பி வருவார்கள். என்னிடம் வந்தவர்களில் பாதிப் பேர் அப்படித்தான்.

வெள்ளிக்கிழமை கடைசிப் பத்து நிமிடம் எங்கள் எல்லாரையும் லேபில் உட்காரவைத்துப் பேசவைப்பார். பாதி நாள் ஒன்றும் இருக்காது, வேர்க்கடலை தின்றுவிட்டு வருவோம். ஆனால் அது இருக்கிறது என்ற தைரியம் பெரிசு. மிஸ், அதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

சிராங்கூன் அம்மா எழுதியது:

சிங்கப்பூரிலிருந்து. இங்கே 2022-க்குள் எல்லாப் பள்ளியிலும் மாணவர்கள் மாணவர்களுக்கு உதவும் அமைப்பு இருக்க வேண்டும் என்று கல்வி அமைச்சு சொல்லியிருந்தது. என் மகளும் அதில் ஒருத்தி. சண்டை தீர்க்கிற வேலை அவளுக்கு அபூர்வம். ரிசெஸ் நேரத்தில் கேன்டீனில் யார் தனியாகச் சாப்பிடுகிறார்கள் என்று பார்ப்பதுதான் முக்கால்வாசி. தட்டை எடுத்துக்கொண்டு போய் எதிரே உட்காருவாளாம். "என்னம்மா பேசுவ?" என்று கேட்டேன். "ஒன்னும் பேச மாட்டேன், சாப்பிடுவேன்" என்றாள்.

முருங்கைக்காய் எழுதியது:

மேலே நான் எழுதியதை அழிக்கவில்லை, இருக்கட்டும். அந்த சோடாபுட்டிக் கண்ணாடியை எட்டாவது படிக்கும்போது வாய்க்காலில் போட்டுவிட்டு, தொலைந்துவிட்டது என்று வீட்டில் சொன்னேன். அப்பா நாலு மாதம் கழித்துத்தான் அடுத்தது வாங்கித் தந்தார். அந்த நாலு மாதமும் போர்டில் என்ன எழுதினார்கள் என்று எனக்குத் தெரியாது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. டீச்சர், உங்கள் பையன் இப்போது தண்ணீர் குடிக்கிறானா?

கணக்கு டீச்சர் எழுதியது (மூன்று வாரம் கழித்து):

அரை பாட்டில் வரை வந்திருக்கிறான் சார்.

விசில் பீரோவில் இருக்கிறது. பி.இ.டி. சாருக்குக் கொஞ்சம் வருத்தம். அவரையே இன்டர்வெல்லில் பாத்ரூம் பக்கம் டீ கிளாஸோடு நிற்கச் சொன்னதும் சரியாகிவிட்டார். அந்தப் பக்கத்து வரிசைப் பெண் பெயரை நாங்கள் சொல்லவில்லை. ஆனால் 'ஆறாம் வகுப்பிலிருந்து ஒரு பிள்ளை சொன்னது' என்று ஹெச்.எம். வாய் தவறிவிட்டது. தினமும் அவளோடும் ஒரு பேச்சுப் பேசிக்கொண்டிருக்கிறேன்.

துண்டுச் சீட்டு கொடுத்தேன். அரசுப் பள்ளிகளில் பிள்ளைகளை ஐந்திணைப் பெயரில் குழுக்களாகப் பிரிக்கும் 'மகிழ் முற்றம்' கூடும் நாளில், குறிஞ்சி, முல்லை என்று எல்லா வகுப்பும் கலந்து உட்கார்ந்திருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பதினொரு பெயர் வந்திருக்கிறது. நான் மனதுக்குள் எழுதி வைத்திருந்த எட்டுப் பேரில் அதில் இருப்பது இரண்டே பேர்.

ஒன்றுதான் புரியவில்லை. மூன்று சீட்டில், பாத்ரூம் வாசலில் நின்ற அந்த எட்டாம் வகுப்பு நாலு பேரில் ஒருவன் பெயர் இருக்கிறது. கையெழுத்து மூன்றும் வேறு வேறு. அவன் தம்பி ஆறாவதில் படிக்கிறான், ஒன்று அவன் எழுதியதாக இருக்கலாம். மற்ற இரண்டு? தனியாகக் கூப்பிட்டுப் பேசியபோது அவன் ஒருவன்தான் தலையைக் குனிந்துகொண்டு, "நான் பேர் கேக்கல மிஸ், கூட நின்னேன்" என்றான். அவனைச் சேர்ப்பதா, வேண்டாமா?

தாமிரபரணிக்காரன் எழுதியது:

இந்த வருடம் வேண்டாம். உங்கள் பையன் வராந்தாவில் அவனைப் பார்த்து ஒதுங்காமல் நடக்கிற நாள் வரட்டும், அப்புறம் யோசிக்கலாம். அந்த மூன்று சீட்டையும் மட்டும் கிழித்துப் போடாமல் வைத்திருங்கள். அவன் ஒன்பதாவது வரும்போது தேவைப்படும்.